ஓடும் தரவும் நிற்கும் கூற்றும்

ஒலுவில் வளாகத்திற் கற்போர்க்குக் கடல் தொலைவிலுள்ள ஒரு காட்சியன்று, அஃது அயல்வீடு. 2008 ஆம் ஆண்டில் நிர்மாணம் தொடங்கி, டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு, 2013 செப்டெம்பர் 1 ஆம் திகதி திறந்துவைக்கப்பட்ட துறைமுகம் நமது பல்கலைக்கழகத்தின் அண்மையிலேயே உள்ளது. அதன் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின் கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்த மணல் ஒருபுறந் தேங்கிற்று. மறுபுறத்தே கரை அரிக்கப்பட்டது. துறைமுக வாயிலும் மணலால் அடைபட்டது. மீனவர்க்கும் கரையோரக் காணிக்காரர்க்கும் இதனால் நேர்ந்த இடர் இப்பிரதேசத்தார் யாவரும் அறிந்ததே. இக்கட்டுரை அதனைப் பற்றியதன்று. ஆயினும் இக்கட்டுரைக்கான வினாவை எழுப்பியது அம்மணலே. நின்றுகொண்டிருக்கும் ஒன்றை அளந்து சரிபார்த்தல் எளிது. ஓடிக்கொண்டேயிருக்கும் ஒன்றைப் பற்றி, 'இது நாம் எதிர்பார்த்தவாறே நிகழ்கின்றது' என்று எவ்வாறு துணிந்து கூறுவது?

கணினிச் செய்நிரலாளர் இவ்வினாவை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். அவர் எழுதும் செய்நிரலின் சிறு பகுதியொன்றைத் தனியே பிரித்தெடுத்து, தெரிந்த உள்ளீட்டைக் கொடுத்து, எதிர்பார்த்த பெறுபேறு வருகின்றதா எனப் பார்த்தல் அலகுச் சோதனை எனப்படும். 'இவ்விடத்து இப்பெறுமதி இருத்தல் வேண்டும்' என்று அச்சோதனையில் எழுதப்படும் வாக்கியத்தை உறுதிக்கூற்று எனலாம். உள்ளீடு முடிவின்றி வந்துகொண்டிருக்கும் தரவோடையாக இருக்கும்போது அவ்வுறுதிக்கூற்றை எவ்வாறு எழுதுவது என்பது எவ்வாறு படிப்படியாகத் தெளிவு பெற்றது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இங்கு நமது முயற்சியாகும். கலைப்பீட மாணவன் இதனை எழுதுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். சான்று எது, சான்றின்மை எது என்ற பூசல் வரலாற்று மாணவர்க்குப் புதியதன்று.

உறுதிக்கூற்றின் வரலாறு கணினியின் வரலாற்றோடு ஏறத்தாழ ஒத்த வயதினது. கோல்ட்ஸ்ரைனும் வொன் நொய்மனும் 1947 இல் எழுதிய அறிக்கையில், செய்நிரலின் பாய்ச்சற் படங்களிடையே கூற்றுப் பெட்டிகள் என்ற ஒருவகைப் பெட்டிகளை வரைந்தனர். செய்நிரல் அவ்விடத்தை அடையும்போது மாறிகளின் நிலை எவ்வாறிருக்கும் என்பதை அப்பெட்டிகள் கூறின, எதனையும் செய்யவில்லை. இரண்டாண்டுகளின் பின், 1949 யூன் 24 ஆம் திகதி, கேம்பிறிட்ஜில் எட்சாக் கணினியின் தொடக்கத்தையொட்டி நடைபெற்ற மாநாட்டில் அலன் டியூரிங் மிகச் சிறியதொரு கட்டுரையை வாசித்தார். பெரிய செய்நிரலொன்றைச் சரிபார்ப்பது எப்படி என்பதே அதன் பொருள். நீண்ட எண் நிரல்களைக் கூட்டும் கணக்கை அவர் உவமையாகக் காட்டினார். விடையை மாத்திரம் எழுதிவைத்தால் சரிபார்ப்பவர் முழுக் கணக்கையும் ஒரே மூச்சிற் செய்துபார்க்க வேண்டியவராவர். ஒவ்வொரு நிரலிலிருந்தும் அடுத்ததற்குக் கொண்டுசெல்லும் எண்ணையும் குறித்துவைத்தால், நிரல்களைத் தனித்தனியே சரிபார்க்கலாம். ஒருவர்க்குப் பதிலாகப் பலர் பிரித்தும் பார்க்கலாம். செய்நிரலாளர் இடையிடையே உறுதியான கூற்றுக்களை எழுதிவைக்க வேண்டுமென்பது இதன் பெறுபேறு. அச்சுப் பிழைகள் மலிந்த அக்கட்டுரை நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, மொறிஸ், ஜோன்ஸ் ஆகிய இருவர் 1984 இல் திருத்தி வெளியிட்ட பின்னரே பலர் கைக்கு எட்டிற்று. இதற்கிடையில் புளோயிட் 1967 இலும் ஹோர் 1969 இலும் இக்கருத்தைத் தாமே வளர்த்துத் தருக்க முறையாக நிறுவியிருந்தனர்.

டியூரிங்கின் கட்டுரையில் நமக்கு வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. செய்நிரல் சரியான விடையைத் தருகின்றது என்று காட்டுதல் போதாது, அஃது ஒருநாள் முடிவடையும் என்றும் காட்டுதல் வேண்டும் என்பது அவர் கோரிக்கை. ஒவ்வொரு படியிலும் குறைந்துகொண்டே செல்லும் ஒரு கணியத்தைக் காட்டி அதனை நிறுவலாம் என்றார். தரவோடையோ முடியாதிருக்கும்பொருட்டே அமைக்கப்படுவது. துறைமுகத்துக் கடல்மட்டமானி ஒருநாள் வேலையை முடித்து விடையைச் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுமாயின், அது பழுதடைந்ததென்றே பொருள். எனவே முன்னோர் வகுத்த இலக்கணத்தின் ஒருபாதி இங்கே தலைகீழாகின்றது.

தருக்க வழியில் நிறுவுதல் அறிஞர்க்கு உரியதாகவே நெடுங்காலம் இருந்தது. பணிமனைகளிற் பரவியது சோதனை முறையே. கென்ட் பெக் என்பார் 1994 இல் சிமோல்ரோக் மொழிக்கென ஒரு சிறு சோதனைச் சட்டகத்தை வெளியிட்டார். 1997 இல் அவரும் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்கு ஒரே விமானத்திற் செல்ல நேர்ந்தபோது, பயணத்திடையே அதனை ஜாவா மொழியில் எழுதினர். அதுவே ஜேயூனிற். எதிர்பார்த்தது இது, கிடைத்தது இது, இரண்டும் சமமா என்ற மூன்று சொற்களில் அடங்கும் அதன் உறுதிக்கூற்று, சமமாயிற் பச்சை, அன்றேற் சிவப்பு எனத் தீர்ப்பளித்தது. அதன் எளிமையே அதன் வெற்றி. ஆயின் அங்கும் ஓர் இடர் தொடக்கத்திலிருந்தே தெரிந்திருந்தது. கணினியின் இரும எண்முறையில் 0.1 உம் 0.2 உம் கூட்டினால் 0.3 மிகச் சரியாக வருவதில்லை. ஆதலால், தசம எண்களை ஒப்பிடும் உறுதிக்கூற்றுக்கு மூன்றாவதாக ஒரு பெறுமதியையும் கொடுத்தல் வேண்டியதாயிற்று: எவ்வளவு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்வது என்பதே அது. இப்பொறுதி எல்லையை நிர்ணயிப்பவர் கணினியல்லர், மனிதர். இதனை மீண்டும் நோக்குவோம்.

இனித் தரவோடையின் வரலாற்றுக்கு வருவோம். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக் மக்கில்ரோய் 1964 ஒக்ரோபரில் எழுதிய ஒரு குறிப்பில், தோட்டத்து நீர்க்குழாய்களைப் பொருத்துவது போலச் செய்நிரல்களை ஒன்றோடொன்று பொருத்தும் வழி வேண்டும் என்றார். 1973 இல் கென் தொம்சன் யுனிக்ஸ் முறைமையில் அதனை நிறைவேற்றினார். ஒரு செய்நிரலின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடாக ஓடிற்று. அக்காலத்தில் இவ்வோடையைச் சோதித்தவர்கள் கையாண்ட முறை மிக எளியது. சரியெனக் கண்ட பழைய வெளியீட்டைக் கோப்பொன்றிற் சேமித்துவைத்து, புதிய வெளியீட்டை அதனோடு வரிக்கு வரி ஒப்பிட்டனர். வேறுபாடு காட்டும் கருவியையும் மக்கில்ரோயே ஹன்ட் என்பாருடன் இணைந்து உருவாக்கினார். இம்முறை இன்றும் வழக்கிலுள்ளது. ஓடை எங்கேனும் முடியும்வரை இதில் குறையில்லை. முடியாத ஓடையை யார் கோப்பிற் சேமிப்பது? வரிசை மாறி வந்தால் என் செய்வது? வெளியீட்டில் நேரம் பதியப்பட்டிருந்தால் நேற்றைய வெளியீடும் இன்றைய வெளியீடும் ஒருபோதும் ஒவ்வா.

இவ்விடர்கள் கூர்மையடைந்த காலம் இந்நூற்றாண்டின் முதற் பதின்மங்கள். அதற்கான சிறந்த எடுத்துக்காட்டு நமது நாட்டிலேயே உள்ளது என்பது நம்மவர் பலர் அறியாதது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞான, பொறியியற் துறை மாணவர் சிலர் தம் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக, ஓடிவரும் நிகழ்வுகளிடையே கோலங்களைக் கண்டறியும் பொறியொன்றை அமைத்தனர். சுகோதயன், கசுன் கஜசிங்க, இசுறு லொக்கு நாரங்கொட, சுபாஷ் சதுரங்க ஆகியோரும் அவர்க்கு வழிகாட்டிய சிறீநாத் பெரேரா, விஷாகா நாணயக்கார ஆகியோரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை 2011 இல் அமெரிக்காவில் நடைபெற்ற ஓர் ஆய்வரங்கில் வெளியாயிற்று. பொறியின் பெயர் சித்தி. சிங்களத்தில் அச்சொல் நிகழ்வு என்று பொருள்படும். நம் காதிலோ அது பரீட்சையிற் சித்தியடைதலை நினைவூட்டும். சோதனை பற்றிய கட்டுரையில் இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துதல் தற்செயலே எனினும் இனியதே. பின்னர் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற இலங்கை நிறுவனம் அதனை ஏற்று வளர்த்தது. மூலநிரல் திறந்த உரிமத்தில் எவரும் காணக்கூடியதாக வெளியிடப்பட்டது. அதனோடு சேர்த்து வெளியிடப்பட்ட சோதனைகளும் காணக்கூடியனவே. வரலாற்று மாணவர்க்கு இவை நல்ல ஆவணங்கள். ஏனெனில், செய்நிரல் என்ன செய்கின்றது என்பதை மட்டுமன்றி, எழுதியவர் எதற்கு அஞ்சினார் என்பதையும் சோதனை கூறும்.

அச்சோதனைகளின் பொது அமைப்பு பின்வருமாறு. முதலில் ஓடையொன்று வரையறுக்கப்படும்: பங்கின் பெயர், விலை, தொகை என்பன போல. அதன்மேல் ஒரு வினவல் எழுதப்படும்: விலை 70 இலுங் குறைந்தனவற்றை மாத்திரம் விடுக என்பது போல. வெளியோடையில் ஏற்பியொன்று பொருத்தப்படும். பின் இரண்டு மூன்று நிகழ்வுகள் கையால் அனுப்பப்படும். ஏற்பி தனக்கு வந்தவற்றை எண்ணிக்கொள்ளும். வந்ததன் பெறுமதியையும் ஒப்பிடும். ஈற்றில் எண்ணிக்கை சரியா என்று பிரதான சோதனை கேட்கும்.

இறுதியில் எண்ணிக்கையைக் கேட்பது ஏன்? இங்கேதான் தரவோடைச் சோதனையின் உயிர்நிலை உள்ளது. உறுதிக்கூற்றை ஏற்பியினுள் மாத்திரம் எழுதிவைத்தோம் என்க. வினவல் பிழையாகி, வெளியே எந்நிகழ்வும் வராதொழிந்தால் ஏற்பி அழைக்கப்படவே மாட்டாது. அழைக்கப்படாத ஏற்பியில் உள்ள கூற்று பொய்ப்பதற்கும் வழியில்லை. சோதனை பச்சையாகிச் சித்தியடையும். நண்பர் ஒருவரின் மடிகணினியில் இதனை நான் நேரிற் கண்டேன். பதினொரு சோதனைகளும் பச்சை. ஓடையின் பெயரில் ஓரெழுத்துப் பிழை. ஒரு நிகழ்வேனும் ஓடவில்லை. வாய்திறவாத சாட்சியின் வாக்குமூலத்தைக் கேட்டு வழக்கைத் தீர்த்தது போல இருந்தது அது. மற்றுமொரு வகையாலும் இது நேரலாம். ஏற்பி வேறோர் இழையில் இயங்குமாயின், அங்கே கூற்று பொய்த்து எழும் வழு சோதனையை நடத்தும் இழைக்கு எட்டாமலே போகலாம். இதனாலேயே சித்தியின் சோதனைகளில் 'நிகழ்வு வந்தது' என்பதற்கு ஓர் அடையாளமும், வந்தவற்றுக்கு ஓர் எண்ணியும் வைத்து, இரண்டையும் ஈற்றில் பிரதான இழையிலேயே கேட்டனர். காலச் சாளரம் பற்றிய சோதனைகளில் எண்ணிகள் இரண்டாயின. சாளரத்துட் புகுந்த நிகழ்வுகள் எத்தனை, காலங்கடந்து வெளியேறியவை எத்தனை எனத் தனித்தனியே எண்ணப்பட்டன. புகுந்ததை எண்ணி வெளியேறியதை எண்ணாவிடில், கடந்த ஐந்து நிமிடச் சராசரி என்று நாம் நம்புவது கடந்த ஐந்து நாட் சராசரியாகவும் இருக்கலாம்.

எண்ணுதல் பற்றி ஓர் இடைக்குறிப்பு. களத்தில் நெல்லளக்கும்போது முதல் மரைக்காலை ஒன்று என்னாது 'லாபம்' என்று தொடங்குதல் தமிழர் வழக்கம். கணினி மொழிகள் பலவும் வரிசையின் முதலாவதைப் பூச்சியம் என்றே எண்ணும். இரண்டு வழக்கிலும் ஈற்றில் எத்தனை என்று கேட்கும்போது புதியவர் தடுமாறுவர். ஏழாவது அளவீட்டைச் சோதிக்க எண்ணி எட்டாவதைச் சோதித்தல் தரவோடைச் சோதனைகளில் மிகச் சாதாரணமான வழு.

அடுத்த சிக்கல் காத்திருத்தல். நிகழ்வை அனுப்பிய மறுகணமே எண்ணிக்கையைக் கேட்டால் அது பூச்சியமாக இருக்கும். பொறி தன் வேலையை இன்னும் முடித்திராது. தொடக்ககாலச் சோதனைகளில் 100 மில்லிசெக்கன், 500 மில்லிசெக்கன் என ஒரு காலத்தை உத்தேசமாகக் குறித்து, அதுவரை உறங்கச் சொல்லினர். கணினி மெதுவாயிருக்கும் நாளில் சரியான செய்நிரலும் சித்தியெய்தாது. விரைவாயிருக்கும் நாளில் வீணே உறங்கும். ஆயிரம் சோதனைகள் ஒவ்வொன்றும் அரைச் செக்கன் உறங்கினால் எட்டு நிமிடத்துக்கு மேற் கழியும். இதற்குப் பரிகாரமாக, எதிர்பார்த்த எண்ணிக்கை வந்தவுடன் விழித்தெழுந்து, வராவிடின் ஓர் உச்ச காலத்தின் பின் கைவிடும் உதவிச் செயலொன்று பின்னர் எழுதப்பட்டது. அதனிலும் மேலானது கடிகாரத்தையே சோதனையாளர் கையில் எடுத்துக்கொள்வது. நிகழ்வுகள் தம்மோடு கொண்டுவரும் நேரமுத்திரையையே கடிகாரமாகக் கொண்டு பொறியை இயக்கும் வசதி சித்தியில் உண்டு. ஐந்து நிமிடம் கழிந்தது என்று காட்டுவதற்கு ஐந்து நிமிடம் முத்திரை பிந்திய ஒரு நிகழ்வை அனுப்பினாற் போதும்.

இதே தெளிவு ஏனைய இடங்களிலும் ஏற்பட்டது. மைக்ரோசொப்ற் நிறுவனம் 2009 இல் வெளியிட்ட ஆர்எக்ஸ் என்ற நூலகத்தின் மரபில் போலிக் கடிகாரமும், ஓடையைக் கோடாகவும் நிகழ்வுகளைக் கோலிக்குண்டுகளாகவும் வரையும் படமுறையும் வளர்ந்தன. பின்னர் அப்படத்தையே எழுத்துக்களால் எழுதி உறுதிக்கூற்றாக்கினர். அப்பாச்சி காப்காவில் 2018 முதல், உண்மையான சேவையகம் எதுவுமின்றி, ஓடையின் வலையமைப்பை ஒரே செய்முறைக்குள் ஓட்டிச் சோதிக்கும் கருவி கிடைக்கலாயிற்று. வரிசை பற்றிய முடிபும் இக்காலத்ததே: பல இழைகளில் ஓடும் பொறி நிகழ்வுகளை வந்த ஒழுங்கில் வெளிவிடும் என்று வாக்களிக்கவில்லையாயின், சோதனையும் ஒழுங்கைக் கோரக்கூடாது, இன்னின்னவை இத்தனை முறை வந்தன என்பதை மாத்திரமே கோரலாம். வாக்களிக்காததைக் கோரும் சோதனை இன்று சித்தியடைந்து நாளை தவறும். முதன்முதலிற் செய்நிரலாளர் சோதனையின்மீது நம்பிக்கை இழப்பது இத்தகைய நாட்களிலேயாம்.

இதுவரை கூறியவற்றை ஒரு கற்பனை உதாரணத்திற் பொருத்திப் பார்ப்போம். கற்பனை எனினும் அதன் மூலம் உண்மையானது. ஆழ்கடலின் அடியில் அமுக்கமானியை வைத்து ஆழிப்பேரலையைக் கண்டறியும் டார்ட் எனும் அமெரிக்க முறைமை, 15 செக்கனுக்கு ஒரு முறை அளவிடுகின்றது. கடந்த மூன்று மணித்தியாலச் சராசரிகளுக்கு ஒரு முப்படிப் பல்லுறுப்பியைப் பொருத்தி, இக்கணத்திற் கடல்மட்டம் எவ்வளவாக இருக்க வேண்டும் என்று அக்கருவியே எதிர்வு கூறிக்கொள்ளும். அளந்ததற்கும் எதிர்வு கூறியதற்குமிடையே வேறுபாடு வட பசிபிக்கில் 30 மில்லிமீற்றரை மீறுமாயின், கருவி தன் நித்திய ஒழுங்கைக் கைவிட்டுச் செய்மதி வழியாக இடைவிடாது செய்தி அனுப்பத் தொடங்கும். மொவ்ஜெல்ட் என்ற ஆய்வாளர் வகுத்த வழி இது. எதிர்பார்த்தது, கிடைத்தது, பொறுதி எல்லை: ஜேயூனிற்றின் மூன்று உறுப்புக்களும் ஆயிரக்கணக்கான மீற்றர் நீரின் அடியில் அப்படியே காணப்படுகின்றன.

ஒலுவிலுக்குக் கிழக்கே ஆழ்கடலில் இத்தகைய மானியொன்று இருப்பதாகவும், அதன் செய்நிரலைச் சோதிக்கும் பணி நம்மிடம் வந்ததாகவும் கொள்வோம். அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் 30 மில்லிமீற்றரை மீறினால் ஒருமுறை அபாயம் அறிவித்தல் வேண்டும் என்பது நாம் வகுத்துக்கொண்ட விதி. எதிர்வுக்கும் அளவீட்டுக்குமான வேறுபாடுகள் மில்லிமீற்றரில் 4, −3, 6, 34, 5, 41, 38 என ஓடி வருகின்றன. நான்காவதான 34 தனித்து நிற்பது. மீன் மோதியிருக்கலாம், மின் இரைச்சலாயிருக்கலாம். அதற்கு அறிவித்தல் எழலாகாது. ஏழாவதான 38 வந்ததும் எழுதல் வேண்டும். எனவே உறுதிக்கூற்றுக்கள்: ஆறு அளவீடுகளின் பின் அறிவித்தல் பூச்சியம்; ஏழின் பின் ஒன்று; அதன் நேரமுத்திரை முதல் அளவீட்டிலிருந்து 90 செக்கன். மேலும் 44, 52 என்று இரண்டு அனுப்புவோம். அறிவித்தல் இன்னமும் ஒன்றே. 'ஒன்று' என்பதற்குப் பதிலாக 'ஒன்றேனும்' என்று எழுதியிருந்தால், ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒருமுறை அலறும் செய்நிரலும் சித்தியடைந்திருக்கும்.

இவ்வளவும் எழுதியவர் அம்பாறைக் கரையோரத்து அநுபவம் மாத்திரம் உடையவராயின், இங்கேயே நிறுத்திவிடுவர். 2004 டிசெம்பர் 26 இல் நமது கிழக்குக் கரையை முதலில் அடைந்தது அலையின் முகடு. கடல் உயர்ந்தே வந்தது. பிளவின் மறுபுறத்திலிருந்த தாய்லாந்திலோ கடல் முதலில் உள்வாங்கிற்று. சுமாத்திராவின் கடலடித்தளம் ஒருபுறம் எழ, மறுபுறம் தாழ்ந்தமையே இதன் காரணம். −35, −42 என்று ஓடிவரும் ஓடைக்கும் அதே அறிவித்தல் எழுகின்றதா என்று நாம் சோதித்தோமா? வேறுபாட்டின் பருமனை நோக்காது, 30 இலும் பெரியதா என்று மட்டுமே கேட்கும் செய்நிரல் முதற் சோதனையிற் சித்தியடையும், இரண்டாவதிற் தவறும். ஓர் ஊரின் நினைவை மட்டுங் கொண்டு தெரிந்தெடுத்த சோதனைத் தரவு அவ்வூரின் அலையைத்தான் காணும். 2000 ஆம் ஆண்டில் கிளாசனும் ஹியூசும் வெளியிட்ட குவிக்செக் என்ற கருவி இக்குறையை ஓரளவு போக்க முனைந்தது. உதாரணங்களை மனிதர் தெரியாது, 'எந்த ஓடையைத் தந்தாலும், அதன் ஒவ்வோர் எண்ணின் குறியையும் மாற்றினால் அறிவித்தல்களின் எண்ணிக்கை மாறாது' போன்ற ஒரு பண்பை எழுதிவிட, கருவியே எழுமாறாக நூற்றுக்கணக்கான ஓடைகளை உண்டாக்கிப் பார்க்கும்.

எழலாகாத அறிவித்தலுக்கும் சோதனை வேண்டும். 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 பருமனுடைய நிலநடுக்கம் நிகழ்ந்தது. எச்சரிக்கை விடுக்கப்பட்டு, கிழக்குக் கரையோர மக்கள் உள்நிலம் நோக்கி ஓடினர். தட்டுகள் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகர்ந்த நடுக்கமாதலின் கடல்நீர் பெரிதாக உயர்த்தப்படவில்லை. அலை சிறிதாகவே இருந்தது. அன்றைய எச்சரிக்கை தவறென்று கூற நாம் முற்படவில்லை. நடுக்கத்தின் பருமனை மட்டும் அறிந்த நிலையில் அதுவே செய்யத்தக்கது. ஆனால் கடல்மட்ட ஓடையைப் படிக்கும் செய்நிரலுக்கு அந்நாளின் தரவு ஒரு சிறந்த சோதனையுள்ளீடு. நிலநடுக்கத்தின் மேற்பரப்பு அலைகளே கடலடி மானிகளைக் குலுக்கி விழிக்கச் செய்தல் உண்டு. அக்குலுக்கலையும் ஆழிப்பேரலையையும் வேறுபடுத்தாத செய்நிரல் இரண்டு மூன்று முறை மக்களை ஓடச்செய்யுமாயின், நான்காம் முறை ஓடுவார் யார்?

இனி எஞ்சியிருப்பது கடினமானது. அபாயம் இல்லை என்பதையும் தரவு இல்லை என்பதையும் எவ்வாறு பிரிப்பது? 2004 இல் அந்த நடுக்கத்தின் பின் ஏறத்தாழ 15 நிமிடத்தில் ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. பருமன் 8.0 என அது கணித்திருந்தது; பசிபிக்குக்கு அபாயமில்லை என்றது. ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்டபின் வந்த அறிக்கையில் 8.5 என்று திருத்தப்பட்டது. அந்நாளிற் பசிபிக்கில் ஆறு டார்ட் மானிகள் இருந்தன; இந்துசமுத்திரத்தில் ஒன்றுமில்லை. அந்நிலைய அதிகாரிகள் இலங்கையில் நேர்ந்த சாவுகளை இணையச் செய்திகள் வாயிலாகவே அறிந்தனர். அதற்குள் கல்முனையும் சாய்ந்தமருதும் மருதமுனையும் அழிந்திருந்தன. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அலை நமது கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்நேரம் முழுவதும் இந்துசமுத்திரம் எதிர்மறையான எச்செய்தியையும் அனுப்பவில்லை, அனுப்புவதற்கு வாயில்லை. அழைக்கப்படாத ஏற்பியில் இருந்த உறுதிக்கூற்று பொய்க்கவில்லை.

ஆதலால் நமது கற்பனை மானிக்கு மூன்றாவதொரு சோதனை எழுதுதல் வேண்டும். பத்து அளவீடுகளை அனுப்பி, பின் ஒன்றும் அனுப்பாது, போலிக் கடிகாரத்தை மாத்திரம் ஐந்து நிமிடம் முன்னகர்த்துக. இக்காலத்தில் வந்திருக்க வேண்டியவை 20 அளவீடுகள், வந்தது பூச்சியம். இப்போது செய்நிரல் மௌனமாயிருத்தல் சித்தியன்று. 'அபாயம்' என்றும் சொல்லலாகாது. 'தரவு வரவில்லை' என்ற வேறோர் அறிவித்தலை, ஒருமுறை, வெளியிடுதல் வேண்டும். கடிகாரம் நம் கையில் இல்லாவிடின் இச்சோதனையை எழுதவே முடியாது. வராத நிகழ்வுக்கு நேரமுத்திரை இல்லையாதலின், நிகழ்வின் முத்திரையைக் கடிகாரமாகக் கொள்ளும் முறையும் இங்கே தனித்து உதவாது; காலத்தை வெளியிலிருந்து நகர்த்துதல் வேண்டும். கருவியை மட்டுமன்றி முறைமை முழுவதையும் சோதிப்பதற்கு இந்துசமுத்திர நாடுகள் இன்று ஒத்திகைகளை நடத்துகின்றன. 2009 ஒக்ரோபர் 14 இல் நடைபெற்ற முதல் ஒத்திகை 2004 இன் நடுக்கத்தையே மீண்டும் நிகழ்ந்ததாகப் பாவனை செய்தது. பழைய ஓடையை மீள ஓட்டிப் பார்க்கும் முறைதான் அதுவும்.

பழைய ஓடையை மீள ஓட்டுவோர்க்கு இலங்கையில் மறைந்திருக்கும் கண்ணி ஒன்றுண்டு. நடுக்கம் நிகழ்ந்தது கிறீனிச் நேரம் 00.58 இற்கு. அன்று இலங்கையின் கடிகாரங்கள் 6.58 என்று காட்டின. 1996 முதல் நமது நேரம் கிறீனிச்சிலிருந்து மாற்றப்பட்டு, அவ்வாண்டின் பிற்பகுதி தொட்டு ஆறு மணித்தியாலம் முந்தியிருந்தது. 2006 ஏப்ரலில் அது மீண்டும் ஐந்தரை மணித்தியாலமாக்கப்பட்டது. இன்றைய வேறுபாட்டைக் கொண்டு அன்றைய முத்திரையை மாற்றினால் நடுக்கம் 6.28 இற்கு நிகழ்ந்ததாகும். ஊரில் எழுதப்பட்ட குறிப்புக்களோடு சேர்த்துப் பார்க்கையில் அலைக்கு அரைமணித்தியாலம் கூடுதலாகக் கிடைத்தது போலத் தோன்றும். ஓடையினுள் நேரத்தைக் கிறீனிச் நேரமாகவே வைத்து, 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி 00.58 ஐக் கொடுத்தால் 6.58 வரவேண்டும் என்றும், 2007 டிசெம்பர் 26 ஆம் திகதி அதே நேரத்தைக் கொடுத்தால் 6.28 வரவேண்டும் என்றும் இரண்டு உறுதிக்கூற்றுக்களை எழுதிவைத்தல் ஐந்து நிமிட வேலை.